துண்டும் ஸ்பீக்கர் பெட்டியும்

1

இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் முடிந்த அன்று கொண்டாட்டம் என்று ஒன்றும் இல்லை. என் மனைவி எமிலி கேசரி கிண்டினாள். நான் வழக்கம்போல் இரும்புப் பட்டறைக்குப் போய்விட்டு வந்து அதைத் தின்றேன். மறுநாள் சனிக்கிழமை, மகள் பியூலாவைக் கூட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போனேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில், நாசரேத்திலும் தூத்துக்குடியிலும் இதை வாசிக்கிற நீங்கள், சீமையில் இருக்கிறவனுக்கு வேறு கவலையே இல்லை, பாட்டுப் பெட்டி வாங்கியதை எல்லாம் எழுதுகிறான் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். என்னிடம் இருக்கிற எரிச்சல்களில் அதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் எரிச்சல், இந்த பர்மிங்ஹாம்காரர்களின் பேச்சு. வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயமோ என்னவோ, எல்லாரும் தாடைக்குள்ளேயே பேசுகிறார்கள். பஸ் கண்டக்டர், தபால் ஆபீஸ் பெண்மணி, பட்டறை மேஸ்திரி, ஒருத்தர் பாக்கி இல்லை. இரண்டு தரம் ‘என்ன?’ என்று கேட்டால், இவனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முடிவுகட்டி, மூன்றாம் தரம் கையை ஆட்டிச் சைகை காட்டுவார்கள். என் அப்பா நாசரேத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அவரிடம் பிரம்படி வாங்கி இங்கிலீஷ் படித்தவன் நான். எனக்கே சைகை!

கொஞ்ச காலமாக இந்த வியாதி என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எமிலி அடுப்படியில் நின்று முணுமுணுக்கிறாள். பியூலா எங்களுக்கு ஒரே பிள்ளை. பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது. அவள் வாயிலிருந்து தமிழும் வருவதில்லை, இங்கிலீஷும் வருவதில்லை. மாடிப்படியில் நின்று உதட்டை அசைப்பாள். நான் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள், கதவை அறைந்து சாத்திக்கொள்வாள். கதவுச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

இப்படியே போய், இந்த வருஷம் அவள் சாயங்காலங்களில் வீட்டில் இருப்பதையே நிறுத்திவிட்டாள். சிநேகிதி வீட்டில் நல்ல ஸ்டீரியோ இருக்கிறதாம். அங்கேயே பழியாகக் கிடந்தாள். பிறகு ஒரு நாள், செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் அந்தச் சிநேகிதியோடு சேர்ந்து தனியாக அறை எடுத்துத் தங்கப்போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கல்லூரி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்தான்.

எமிலிதான் வழி சொன்னாள். என் எதிரில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “அந்தப் பாட்டுப் பெட்டிய நம்ம வீட்டுலயே வாங்கி வச்சிருவோம். அவ கேக்க மாதிரியே வாங்குவோம். பிள்ள வீட்டுல கெடக்கட்டும்.”

ஆகவே கணக்கு எளிதானது. பெட்டி சரியாக அமைந்தால் பெண் வீட்டில் இருப்பாள். அமையாவிட்டால் போய்விடுவாள்.

2

அவள் கேட்கிற பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஹெவி மெட்டல் என்று பெயர். கன உலோகம்! எங்கள் பட்டறை வாசலில் எழுதிவைக்க வேண்டிய பெயர். பாடுகிற பையன்களில் சிலர் இந்த ஊரிலேயே, சம்மட்டிச் சத்தம் கேட்கிற தெருக்களிலேயே பிறந்து வளர்ந்தவர்களாம். அப்படித்தான் இருக்கும் என்று நான் உடனே ஒத்துக்கொண்டேன். பட்டறையில் என் பக்கத்தில் நிற்கிற நீராவிச் சம்மட்டி, வீடு உயரம். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் அது விழும்போது நின்றிருக்கிற தரை ஒரு தரம் குதிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கப் பத்து வருஷமாக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் மகளோ அதையே காசு கொடுத்து வாங்கி வந்து கேட்கிறாள்.

ரெக்கார்டு போடுகிற மிஷின் வீட்டில் ஏற்கெனவே உண்டு. அதற்கு என்ன மாதிரிப் பெட்டி வேண்டும் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒரு காகிதத்தில் எழுதி என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காற்றுப் போக ஓட்டை வைத்த பெட்டி வேண்டாம், அடிச் சத்தம் நிறைய வரும், ஆனால் இழுத்துக்கொண்டே நிற்கும், வேகமான பாட்டில் டிரம்மும் கிட்டாரும் ஒன்றாகக் குழைந்துவிடும். நாலு பக்கமும் அடைத்த கனமான பெட்டி வேண்டும். மேலே இருக்கிற சின்னக் கூம்பு தெளிவாக இருக்க வேண்டும், டிரம்மோடு சேர்ந்த பித்தளைத் தாளத் தட்டின் சத்தம் அதில்தான் வருகிறது. பெட்டியை மரத் தரையில் அப்படியே வைக்கக் கூடாது, அடியில் செங்கல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையும் சேர்ந்து அதிர்ந்து பாட்டைக் கெடுக்கும்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்பீக்கரைப் பற்றி எனக்கே நோட்டீஸா? கப்பலேறுமுன் நான் தூத்துக்குடியில் ஒரு மைக் செட் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். ரேடியோ ரிப்பேர் படித்துச் சான்றிதழ் வைத்திருந்தேன். அதை நம்பித்தான் இங்கே வந்தேன். வேலை கொடுக்கிற ஆபீசில் அந்தச் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, சம்மட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அது வேறு எரிச்சல். மைக் செட் தொழிலில் என்னை ஒருத்தனும் குறை சொன்னதில்லை. சர்ச்சில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகைக்குக் கட்டியிருக்கிறேன், ஆறுமுகநேரியில் உப்பளத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டியிருக்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் கடற்கரையிலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டி, சிப்பிக் குவியல் ஏலம் போவதைக் கூவ வைத்திருக்கிறேன்.

அந்தத் தொழிலில் சோதனை என்றால் இப்படி. ஒருத்தர் மைக்கில் ஒன், டூ, த்ரீ சொல்லிக்கொண்டிருப்பார். இன்னொருத்தர் நடந்து கூட்டத்தின் கடைசி எல்லைக்குப் போய் நிற்பார். அங்கிருந்து கத்தினால் கேட்காது. அதனால் துண்டுதான் பேச்சு. வார்த்தை தெளிவாகக் கேட்டால் துண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். எதிரொலித்தால் சுழற்ற வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் துண்டு தோளிலேயே கிடக்கும். மைக்கில் நிற்கிறவர் அதைப் பார்த்துக் குழாயைத் திருப்புவார். எத்தனையோ ஊர்களில் எல்லையில் போய் நின்று துண்டு தூக்கியவன் நான்தான். என் காது அவ்வளவு சுத்தம் என்று முதலாளிக்கு நம்பிக்கை.

எங்களோடு மிக்கேல் அண்ணாச்சி என்று ஒருவர் வருவார். முத்துக்கும் சங்குக்கும் கடலில் குளித்தவர். ஆழத்தில் காது உடைந்துபோய், சத்தமே கேட்காது. குளிப்பு இல்லாத காலத்தில் எங்களுக்குச் சாமான் தூக்குவார், ஏணியில் ஏறிக் குழாய் கட்டுவார். கட்டி முடித்ததும் குழாயின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

“அண்ணாச்சி, பாட்டு எப்படி இருக்கு?” என்று நான் கீழேயிருந்து வாயை அகல விரித்துக் கேட்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

“நல்லா உதறுதுலே, வாத்தியார் மவனே,” என்பார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி கழித்து அவரும் சிரிப்பார். எதைக் கேட்டாலும் ஆமா ஆமா என்பார். நாங்கள் வேண்டுமென்றே ஏறுக்கு மாறாகக் கேட்டு ஆமா சொல்ல வைப்போம். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிய வேடிக்கை.

3

கடை நீளமானது. பின்பக்கம் கம்பளம் விரித்த ஓர் அறையில் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். விற்கிறவன் தோள்வரை முடி வளர்த்த வாலிபன். அவனும் தாடைக்குள் பேசுகிற ரகம்தான். பியூலா தன் ரெக்கார்டைக் கம்பளிச் சட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். மூன்று ஜோடிப் பெட்டிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் அதே பாட்டைப் போடச் சொன்னாள்.

முதலாவது சின்ன ஜோடி, அலமாரியில் வைக்கிற அளவு. எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது ஆள் இடுப்பு உயரம், முன்னால் ஓட்டை. அதன் மேல் கையை வைத்தேன். என்னையறியாமல்தான் வைத்தேன். கை முழுக்க அதிர்ந்தது, மனசுக்கு இதமாக இருந்தது. “இது போதும்ளா, எடுத்துக்கோ,” என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். ஓட்டை! நோட்டீசில் இருக்கிறதே! மூன்றாவது அடைத்த பெட்டி, இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். அதிலும் நல்ல அதிர்வு இருந்தது.

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடம் உண்டு. கிட்டார், கத்தல் எல்லாம் திடீரென்று அடங்கி, டிரம் வாசிக்கிறவன் தாளத் தட்டை மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டே போவான். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே அடியாக மறுபடியும் வந்து விழும். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த இடத்தில் பெட்டி செத்துப்போயிற்று என்பதுதான். மூன்றாவது பெட்டியில் செத்தது. முதல் ஜோடியை மறுபடி போடச் சொன்னேன். அதிலும் அங்கேயே செத்தது. இரண்டாவதிலும் அப்படியே.

நான் வாலிபனைப் பிடித்துக்கொண்டேன். “சின்னக் கூம்பு மூன்று ஜோடியிலும் எரிந்துபோயிருக்கிறது. கறுப்பு ஆள்தானே என்று பழுதானதைத் தள்ளிவிடப் பார்க்கிறாயா? நான் இதே தொழில் செய்தவன்,” என்று இங்கிலீஷில் சத்தம் போட்டேன். எவ்வளவு சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். அவன் முகம் சிவந்து ஏதோ சொன்னான். தாடைக்குள் சொன்னான். பியூலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவமானத்தில் அவள் முகம் காதுமடல்வரை கறுத்துவிட்டது.

எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. முறைப்படி சோதித்து அவன் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்று வெறி. “ஏளா, நீ பெட்டிப் பக்கத்துலயே நில்லு. நான் வாசல்ல போய் நிக்கேன். கேட்டா இந்த மப்ளரத் தூக்குதேன். கேக்கலன்னா தோள்லயே கெடக்கும். அவனும் பாக்கட்டும்,” என்றேன். நடந்து தெருவாசலுக்குப் போனேன். சுமார் இருபத்தைந்து எட்டு இருக்கும். பாட்டு தொடங்கியது, அதிர்வு காலில் வந்து சேர்ந்தது. மப்ளரைத் தலைக்கு மேல் தூக்கினேன். பிறகு அந்த இடம் வந்தது. எல்லாம் அடங்கியது. மப்ளரைத் தோளில் போட்டுக்கொண்டு, பார்த்தாயா என்கிற மாதிரி அந்த வாலிபனைப் பார்த்தேன்.

அவன் என்னையும் பியூலாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பியூலா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள். பாட்டை நிறுத்தியிருந்தார்கள். நானும் வெற்றி பெற்றவனாக அப்படியே நின்றேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவள் திரும்பினாள். என்னை நோக்கி நடந்து வந்தாள். வரும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

4

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பல மாதங்களாக முன் சீட்டிலோ பின் சீட்டிலோதான் உட்காருவாள். என் முகத்துக்கு நேரே தன் முகத்தைத் திருப்பி, மெதுவாகப் பேசினாள்.

“எப்பா, அந்தப் பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“சத்தமே வரலையேளா.”

“வந்துச்சுப்பா. எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பையனுக்குக் கேட்டுச்சு. அங்கன நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு. பாட்ட நிறுத்துனப்புறம் நான் திரும்பி நின்னு, எப்பா, எப்பான்னு மூணு தரம் கூப்பிட்டேன். சத்தமாத்தான் கூப்பிட்டேன். மப்ளர் தோள்லயே கெடந்துச்சாம். அந்தப் பையன்தான் பாத்துச் சொன்னான்.”

நான் மப்ளரைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“மாடியில நின்னு நான் பேசுததுக்கு நீங்க பதிலே சொல்ல மாட்டீங்க. பேப்பரயே பாத்துட்டு இருப்பீங்க. எம்மேல வெறுப்புன்னு நெனச்சேன். நான் இங்கன உள்ள பிள்ளைங்க மாதிரி ஆயிட்டேன்னு உங்களுக்குக் கோவம்னு நெனச்சேன். அதான் அறை எடுத்துப் போயிரலாம்னு...”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்கவில்லை. இத்தனை வருஷம் எல்லாரையும் வாயைத் திறந்து பேசச் சொல்லித் திட்டியிருக்கிறேன். கண்டக்டரை, தபால்காரியை, எமிலியை, கடைசியில் அந்தக் கடைக்காரப் பையனை. ஒருத்தராவது உனக்குத்தான் காது போய்விட்டது என்று சொல்லக் கூடாதா? பிறகுதான் உறைத்தது. சொல்லியிருப்பார்கள். தாடைக்குள் சொல்லியிருப்பார்கள்.

மிக்கேல் அண்ணாச்சி ஞாபகம் வந்தது. மற்றவர்கள் சிரித்து ஒரு நொடி கழித்துத்தான் நானும் பட்டறையில் சிரிக்கிறேன். மேஸ்திரி எதைக் கேட்டாலும் ஆமா என்கிறேன். அவர்களும் வேண்டுமென்றே ஏறுக்கு மாறாகக் கேட்டிருப்பார்களோ என்னவோ. அவர் கடலுக்குள் போய்க் காதைக் கொடுத்தார், நான் சம்மட்டிப் பக்கத்தில் நின்று கொடுத்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்த பஸ்ஸில் உட்கார்ந்து ஆசைப்பட்டேன். அவர் இறந்துபோன செய்தி தெரிந்தே ஆசைப்பட்டேன். பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள், நாலு பக்கம். காது கேட்கவில்லை என்பதை எப்போது முதலில் கவனித்தீர்கள், தேதி எழுதுக. கேட்காமல் போனதை எப்படி ஐயா கவனிப்பது? கேட்டால்தானே கேட்கவில்லை என்று தெரியும்! அந்த இடத்தைக் காலியாக விட்டேன். படிவம் பூர்த்தியாகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்களின் பெயரை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் குனிந்துகொண்டே வாசித்தாள். காது ஆஸ்பத்திரியில், காது கேட்காதவர்களை, குனிந்துகொண்டு கூப்பிடுகிறாள்! பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவரும் நானும், எங்கள் பெயர் போய்விட்டது தெரியாமல் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தோம். அடுத்த தடவை பியூலா கூட வந்தாள். தேதிக் கட்டத்தில் அந்தச் சனிக்கிழமையை அவளே எழுதினாள்.

உள்ளே சோதித்தவர் விளக்கியதில் எனக்கு விளங்கியது இது. அடிச் சத்தம் எனக்கு இன்னும் நன்றாகக் கேட்கிறது. மேல் சத்தம்தான் போய்விட்டது. தாளத் தட்டு, சீட்டி, பறவை எல்லாம் அந்தப் பக்கமாம். பெண்பிள்ளைகள் குரலிலும் பாதி அதில் சேர்த்தியாம். போனது வராது என்றார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். அது பஸ்ஸின் இரைச்சலையும் எமிலியின் கரண்டிச் சத்தத்தையும் பெரிதாக்குகிறது. பேச்சைக் கொஞ்சம்தான் பெரிதாக்குகிறது.

5

ஸ்பீக்கர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே கடைக்குப் போனோம். அந்த வாலிபனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஏதோ சொன்னான். பியூலா அவனிடம் என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். தன் தாத்தாவும் பட்டறையில் வேலை பார்த்தவர்தான் என்று சொன்னான்.

மூன்றாவது ஜோடியைத்தான் வாங்கினோம், அந்த அடைத்த, கனமான பெட்டி. “மேல தெளிவா இருக்கு, எனக்கு அது வேணும். கீழ உதறுது, அது உங்களுக்கு,” என்று பியூலா சொன்னாள். வீட்டில் கொண்டுவந்து வைக்கும்போது, நான் நோட்டீசை ஞாபகம் வைத்து, கொல்லைப்புறத்திலிருந்து எட்டுச் செங்கல் கழுவிக் கொண்டுவந்தேன். அவள் வாங்கி ஓரமாக அடுக்கினாள். கம்பளத்தைச் சுருட்டிவிட்டு, பெட்டியை மரத் தரையில் அப்படியே வைத்தாள்.

“தரை அதிர்ந்து பாட்டு கெட்டுப்போகும்னு எழுதியிருந்தியேளா?”

“கெட்டுப்போகட்டும்பா. நீங்க செருப்பக் கழத்திட்டு அந்த நாற்காலியில உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பாதத்தில் டிரம் வந்தது, பிறகு கிட்டார் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அது எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று இப்போது தெரிகிறது. நடுவில் அடங்குகிற இடம் வரும்போது பியூலா என் முழங்காலில் விரலால் தாளத் தட்டைத் தட்டிக் காட்டுகிறாள். சுவரின் அந்தப் பக்கத்துக்காரர் தடியால் இடித்துச் சத்தம் போடுகிறாராம். எமிலி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அறை எடுக்கிற பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. செப்டம்பர் வந்தது. கல்லூரிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறாள். மற்ற எரிச்சல்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது முறையாக அதே படிவம் வந்திருக்கிறது.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும், ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பத்திரிகையோடு உட்காருகிறேன். பியூலா மாடிப்படியின் உச்சியில் நின்று ‘எப்பா’ என்று கூப்பிடுகிறாள். கேட்டால் துண்டைத் தலைக்கு மேல் தூக்குகிறேன். தூக்காவிட்டால், இறங்கி வருகிறாள்.